ஒரு ஃபாரம், 16 பக்கம்: ஒரு கல்லூரி நூலகரின் நாட்குறிப்பு

2024 சனவரி 22, திங்கள்

கடந்த ஆண்டுகளில் எங்கள் கல்லூரிக்கு வந்துபோன எழுத்தாளர்களின் நிகழ்ச்சிக் கோப்பை இன்று எடுத்துப் புரட்டினேன். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண் என்று எல்லா அழைப்பிதழிலும் ஒரே வரிசைதான். ஒன்றரை மணி நேரத்தில் எழுத்தாளர் காரில் ஏறிவிடுகிறார். மறுநாள் அவருடைய நூலைக் கேட்டு நூலகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது வழங்கல் பதிவேட்டை வைத்திருக்கும் எனக்குத்தான் தெரியும். பெரும்பாலும் ஒருவரும் வருவதில்லை.

இம்முறை வேறு வகையில் செய்து பார்க்க முதல்வர் ஒப்புக்கொண்டுவிட்டார். அழைத்திருக்கும் நாவலாசிரியர் நான்கு நாள் எங்களோடு தங்குவார். மேடை கிடையாது, நூலகத்தின் பின்கூடத்தில் மாணவர்களோடு ஒரே மேசையில் உட்காருவார். ஓலைச்சுவடி, அச்சுக்கோப்பு, பைண்டிங் ஆகியவற்றில் கைதேர்ந்தவர்களும் அதே நாட்களில் அங்கே இருப்பார்கள். நாவலாசிரியர் எங்களுக்கென்றே எழுதித் தந்திருக்கும் சிறுகதையை 24 மாணவர்கள் தங்கள் கையாலேயே கோத்து, அச்சடித்து, தைத்து நூலாக்க வேண்டும். ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், 100 படிகள்.

இதைக் கும்பகோணத்தில் செய்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இந்த ஊர் அரசுக் கல்லூரியில்தான் உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தார். இங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டதும், அந்தக் கேள்வி ஏடு தேடும் பயணமாக வளர்ந்து 1887இல் அச்சுநூலாக முடிந்ததும் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அச்சுக்கூடம் சென்னையில், ஆசிரியர் கும்பகோணத்தில் என்று இருந்ததால் பிழைதிருத்தும் தாள்கள் இரண்டு ஊர்களுக்கும் இடையே போய்வந்து கொண்டிருந்தன. பாடம் நடத்திய நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் செய்த வேலை அது.

சனவரி 24, புதன்

டிரெடில் வந்து சேர்ந்தது. மூடிக் கிடந்த அச்சகம் ஒன்றின் உரிமையாளர் அதை இரவலாகத் தந்திருக்கிறார். மினி லாரியிலிருந்து அதை இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். காலால் மிதித்து ஓட்டும் அச்சு எந்திரம். சக்கரத்தில் துரு ஏறியிருந்தாலும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்ததும் முனகிக்கொண்டே சுழன்றது. அச்செழுத்துகளைப் போட்டு வைக்கும் கேஸ் பெட்டிகளைத் தூக்கி வந்த மாணவர்களுக்கு அவற்றின் கனம் வியப்பாக இருந்தது. ஈயம் கலந்த எழுத்து அல்லவா, தம்பி என்று அச்சுக்கோக்கும் கம்பாசிட்டர் பெரியவர் சொன்னார். அவருக்கு வயது 74. கதையின் முதல் 10 பக்கங்களை இப்போதே கோத்து வைத்துவிடுவதாகவும் மீதி 6 பக்கங்களைப் பிள்ளைகளுக்கு விட்டுவைப்பதாகவும் சொல்லி, அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டார்.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று ஓலை. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சுவடியியல் அறிஞர், பதப்படுத்திய ஓலைகளோடு பச்சை ஓலை ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். ஈர்க்கை நீக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்தெடுத்த பிறகுதான் ஓலை எழுத்தாணியைத் தாங்கும் என்று விளக்கினார். மாணவர்கள் எழுதத் தொடங்கியபோது, ஓலையைத் தாங்கிப் பிடிக்கும் இடக்கைதான் அதை நகர்த்திக் கொடுக்க வேண்டும், எழுத்தாணி அதிகம் நகரக்கூடாது என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கீறிய ஓலையில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்ததும், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து மேலெழுந்து வந்தது. தான் எழுதிய பெயரைத் தானே அப்போதுதான் பார்த்த மாணவி ஒருத்தி வெகுநேரம் ஓலையைக் கீழே வைக்கவே இல்லை.

பிறகு அவர் பழைய ஏடு ஒன்றின் படத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை; ‘ா’ என்னும் காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். கரும்பலகையில் ‘கொல’ என்று எழுதி, இதை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று கேட்டார். கொல, கோல, கொல், கோல் என்று நான்கைச் சொல்லிவிட்டு மாணவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். காலை ரகரமாகக் கொண்டால் ‘கெரல’ என்றும் படிக்கலாமே என்று அவர் ஐந்தாவதைச் சேர்த்தார். ஒரு செய்யுளின் எல்லாச் சொல்லிலும் இப்படி நின்று, பொருளையும் யாப்பையும் துணைக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்களின் உழைப்பின் மேல்தான் நாம் இன்று உட்கார்ந்து வாசிக்கிறோம். பதிப்பாசிரியர் என்ற சொல்லை எங்கள் மாணவர்கள் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதியிருப்பார்கள். அதன் பொருள் அவர்களுக்குத் தெரியத் தொடங்கியது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அச்சுக்கோப்பு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்டிக், எழுத்துகளை வரியாகக் கோக்கும் சிறு சட்டம். எழுத்தின் உடலில் உள்ள சிறு பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவி, அது மேற்பக்கம் வருமாறு வைத்தால் எழுத்துத் தலைகீழாகச் சரியாக நிற்கும். கண்ணால் பார்க்கவே தேவையில்லை என்றார் பெரியவர். அவர் விரல்கள் கேஸைப் பாராமலே போய்வருகின்றன. மாணவர்களுக்கோ ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம்.

கேஸில் சில எழுத்துகளைக் கண்டு அவர்கள் திகைத்தார்கள். யானையின் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு ‘லை’, ‘ளை’; கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுருண்டு சேர்ந்த ‘ணா’, ‘றா’, ‘னா’. பெரியார் தம் இதழ்களில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டு ஏற்றது 1978இல். மாறியவை 13 எழுத்துகள். ஆணை வந்த பிறகும் அச்சகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை, இருக்கிற ஈயம் தேயும் வரை பழைய எழுத்தும் புது எழுத்தும் ஒரே பக்கத்தில் கலந்து நிற்கும் என்று பெரியவர் சொன்னார். வீட்டில் தாத்தா கையெழுத்தில் பார்த்திருக்கிறேன், பிழையாக எழுதுகிறார் என்றே நினைத்திருந்தேன் என்றான் ஒரு மாணவன்.

பக்க அடுக்கும் இன்று கற்றுக்கொண்டார்கள். நான்கு தாள்களை ஒன்றனுள் ஒன்றாக மடித்துச் செருகினால் 16 பக்கம் வரும். முதல் பக்கத்துக்கு அருகே அச்சாக வேண்டியது 16ஆம் பக்கம், 2க்கு அருகே 15. ஒரு முகத்தில் சேரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும் என்பதைக் கணிதத் துறை மாணவி ஒருத்தி தானாகவே கண்டுபிடித்தாள்.

பிப்ரவரி 7, புதன்

இந்த வாரத்தில் நான் மறக்க முடியாத நாள் இது.

கதையின் 13ஆம் பக்கத்தைத் தாமே கோப்பதாக நாவலாசிரியர் காலையில் உட்கார்ந்தார். முப்பது ஆண்டுகளாக எழுதிவருபவர், ஸ்டிக்கைத் தொடுவது இதுதான் முதல்முறை. அந்தப் பக்கத்தில் கதைநாயகன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான்: வந்தான், நின்றான், பார்த்தான், கதவைத் தட்டினான் என்று குறுகிய வாக்கியங்கள். ஆறாவது வரியில் ‘ன்’ பெட்டி காலியாகிவிட்டது. பெரியவர் கோத்து வைத்த 10 பக்கங்களும் அச்சாகிப் பிரியும் வரை, இருக்கிற ‘ன்’ எல்லாம் அவற்றில் கட்டுண்டு கிடக்கும்.

“ஐயா, இன்னும் எத்தனை ன் கிடைக்கும்?” என்று கேட்டார்.

“தேடிப் பிடிச்சா அஞ்சு தேறும்மா. இல்லேன்னா நாளைக்குத்தான்.”

நாவலாசிரியர் கைப்பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பென்சிலால் திருத்தினார். ‘வந்தான். நின்றான். பார்த்தான். தட்டினான்’ என்று இருந்தது ‘வந்து நின்று பார்த்துவிட்டுத் தட்டினான்’ என்று ஆயிற்று. ஐந்து ‘ன்’ வேண்டிய இடத்தில் இரண்டு போதும். உரக்கப் படித்துக் காட்டியபோது, வாசலில் நின்று நின்று வந்தவன் இப்போது தயங்காமல் வருகிறான் என்று ஒரு மாணவி சொன்னாள். ஆமாம், அவன் தயங்குகிறவன் இல்லை, நான்தான் அவனைத் தயங்க வைத்திருந்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். வினையெச்சத்தை இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அது ஒரு மனிதனின் நடையையே மாற்றிவிடும் என்பதை மாணவர்கள் கண்ணெதிரே கண்டார்கள்.

ஆனால் அதே பக்கத்தின் கடைசியில் ‘அவன் கடிதத்தைக் கிழித்தான். அழுதான்.’ என்ற இடத்தில் அவர் இணங்கவில்லை. கிழித்துவிட்டு அழுதான் என்று சேர்த்துவிடலாமே என்று மாணவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே அவன் என்ன செய்தான் என்பது எனக்கே தெரியாது, அந்தப் புள்ளி அங்கேயே இருக்கட்டும் என்றார். மிச்சமிருந்த ‘ன்’ அதற்குள் மற்ற வரிகளில் தீர்ந்துவிட்டது. ஆகவே மூன்று ‘ன்’ கிடைக்கும் வரை 13ஆம் பக்கம் காத்திருப்பது என்று முடிவாயிற்று. பிற்பகலில் 1ஆம் பக்கத்தையும் 16ஆம் பக்கத்தையும் டிரெடிலில் ஏற்றி 100 தாள் ஓட்டி, மையை மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டபோது மணி ஏழரை. பெரியவர் முதல் மூன்று ‘ன்’னையும் தனியே உள்ளங்கையில் வைத்துக் கொண்டு வந்து நாவலாசிரியரிடம் கொடுத்தார். எழுத்து இன்னும் ஈரமாகவே இருந்தது.

ஓர் எழுத்தாளர் ஒரு வாக்கியத்தை எங்கே விட்டுக்கொடுப்பார், எங்கே விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதை எந்தச் சிறப்புரையிலும் நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

நாள் முழுவதும் அச்சு. நான்கு தாள், இரண்டு முகம், 100 படி. ஆக 800 முறை அச்சு, நேற்றைய 100 போக மீதி எல்லாம் இன்று. மாலையில் கவிஞர் ஒருவர் வந்து வாசித்தார், நன்றாக வாசித்தார். எல்லார் கையிலும் மை இருந்ததால் கைதட்டல் கொஞ்சம் அடங்கியே ஒலித்தது. மாணவர்கள் களைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, வெள்ளி

பைண்டிங். கணவனும் மனைவியுமாக இந்தத் தொழிலையே நம்பி வாழும் இருவர் வந்திருந்தார்கள். மைதாவில் மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சும் வாசனை நூலகம் எங்கும் பரவியது. துத்தம் சேர்த்தால்தான் பூச்சி அண்டாது. அந்த அம்மா நூலை மெழுகில் இழுத்து, மடித்த தாளின் முதுகில் மூன்று துளையிட்டு, நடுத்துளையில் நுழைந்து இரு ஓரங்களுக்கும் சென்று நடுவிலேயே முடிச்சிடும் தையலைக் காட்டினார். முடிச்சை ரொம்ப இறுக்காதே பாப்பா, தாள் கிழியும், தளர விட்டாலும் தாள் ஆடும் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவரிடம் பேசும்போது என் பழைய வருத்தம் ஒன்று வெளிப்பட்டுவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பழைய தமிழ் நூல்கள் நாற்பதை மறுகட்டுக்கு அனுப்பினோம். தையலைப் பிரித்து, முதுகை வெட்டியெறிந்து, பசை மட்டும் தடவி, மூன்று பக்கமும் எந்திரத்தில் சீவித் திருப்பித் தந்துவிட்டார்கள். ஓரங்களில் பேராசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பென்சிலால் எழுதி வைத்திருந்த பாடவேறுபாட்டுக் குறிப்புகள் வரிக்குப் பாதியாக நறுக்குண்டு போயின. ஓரத்தை வெட்டாதீர்கள் என்று ஒரு சொல் எழுதி அனுப்பியிருக்க வேண்டியவன் நான். பைண்டிங் முறைகள் எனக்கு அன்று தெரியாது. அதைக் கேட்ட அம்மா, எங்கள் நூலகத்திலிருந்து ஒரு தடித்த நூலை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். தைத்த நூல் அப்படியே படிந்து கிடந்தது. பசை மட்டும் போட்ட இன்னொன்று கையை எடுத்ததும் மூடிக்கொண்டது.

பிப்ரவரி 10, சனி

மயிலாடுதுறை, திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி போனோம். 1706இல் இந்தக் கரையில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1708இலேயே தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதியவர். இலண்டனிலிருந்து அச்சு எந்திரமும் ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. அந்த எழுத்துகள் அளவில் பெரியவை. காகிதமோ கடல் கடந்து வர வேண்டும். எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி வார்த்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. புதிய ஏற்பாட்டின் அச்சு 1715இல் நிறைவுற்றது. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை தொடங்கும் அளவுக்குப் போனார்கள்.

1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள், அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தருகே பெரியவர் வெகுநேரம் நின்றார். வெளியே வந்ததும், எழுத்துப் பத்தாமல் கஷ்டப்பட்டவர் இவரும்தான் என்றார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் இதற்கும் முந்தையது, 1578இல் கொல்லத்தில் போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார் வெளியிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்று நான் சொன்னேன். எத்தனை பக்கம் என்று கேட்டார். 16 பக்கம் என்றதும் திரும்பி மாணவர்களைப் பார்த்தார்.

பிப்ரவரி 14, புதன்

எல்லாரும் போய்விட்டார்கள். 100 படிகளில் 4 படிகள் தையல் தவறிக் கழிந்தன. 7ஆம் பக்கத்தில் ‘மழை’ ‘மழே’ என்று நிற்கிறது, அதை நாங்கள் யாரும் புரூஃபில் பார்க்கவில்லை. கணக்கெடுப்புப் பதிவேட்டில் ஒரு படிக்கு எண் போட்டு அலமாரியில் வைத்தேன். நாவலாசிரியரின் நூல்கள் ஏழு எங்களிடம் உள்ளன. ஏழும் வெளியே போயிருக்கின்றன, இரண்டுக்கு முன்பதிவும் இருக்கிறது.

கட்டுண்டு நின்ற கடைசி இரண்டு பக்கங்களைப் பிரித்துப் போட மூன்று மாணவர்கள் வகுப்பு முடிந்து வந்தார்கள். பெரியவர் இல்லாததால் மெல்லத்தான் நடக்கிறது. எழுத்தை எடுத்து, பள்ளத்தைத் தடவி, முகத்தைத் திருப்பிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியில் போடுகிறார்கள். ஐந்தரை மணி வரை ‘ன்’ மட்டும் 212 சேர்ந்தது. நாளை மறுபடியும் வருவதாகச் சொல்லி, கேஸைத் துணியால் மூடிவிட்டுப் போனார்கள்.