கீழேயிருந்து ஆள் வரும் முன்

டிசம்பர் வந்தால் ஊட்டியில் குடியிருக்கிற எல்லார் வீட்டுக்கும் கீழேயிருந்து ஆள் வரும். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கோயம்புத்தூர், திருப்பூர் பஸ்ஸெல்லாம் பிள்ளைகளாலும் பைகளாலும் நிறைந்துவிடும். பகலில் ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று சுற்றிக் கொள்வார்கள். பிரச்சினை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். வெயில் இறங்கினதும் வீட்டுக்குள் வந்து, கம்பளிக்குள் சுருண்டு, "எப்படித்தான் இங்க இருக்கீங்களோ" என்பார்கள். வந்தவர்கள் ராத்திரியும் வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேச வேண்டும், அதுதான் லீவு. அதற்காக வருஷா வருஷம் டிசம்பர் முதல் வாரத்திலேயே வீட்டைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுவேன்.

எங்களுடையது காந்தல் பக்கம் ஒரு வாடகை வீடு. தகரக் கூரை, சிமெண்ட் தரை, இரண்டு அறை, ஒரு சமையலறை. வெள்ளைக்காரர்கள் கட்டின பங்களாக்களில் இருக்கிற சுவர்க் கணப்பெல்லாம் இங்கே கிடையாது. இந்த மாதத்தில் ராத்திரி 5, 6 டிகிரி என்பது ஊட்டியில் சாதாரணம். வானம் மேகமில்லாமல் இருந்தால் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். அதனால்தான் காந்தல், தலைக்குந்தா மாதிரி தாழ்வான இடங்களில் காலையில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாகக் கிடக்கிறது.

ஹீட்டர் வாங்கலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் இழுக்கும். ராத்திரி 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு வாரம் ஆவதற்குள் 100 யூனிட் ஓடிவிடும். அப்புறம் கதவிடுக்கில் காற்று வந்துகொண்டே இருக்கிற வீட்டில் ஹீட்டர் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். சாயங்காலம் காற்று வீசும்போது கதவு, ஜன்னல் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனால், புகை எங்கே சாய்கிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது. ஜன்னல் சட்டத்தில் இருந்தால் துணிக் கிழிசலை மடித்துச் செருகிவிடுவேன். கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளிதான் பெரியது. அதற்குத் துணியில் ஒரு நீள உருளை தைத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த உருளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் நாத்தனார் திருப்பூரில் இருக்கிறாள். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற கட் பீஸ் அங்கே கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும். வரும்போதெல்லாம் ஒரு மூட்டை கொண்டுவருவாள். பழைய ஜீன்ஸ் பேண்டின் காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, முதலில் இரண்டு கை புளியங்கொட்டை, அதன்மேல் கட் பீஸ், மறுபடி புளியங்கொட்டை என்று மாற்றி மாற்றித் திணிப்பேன். வெறும் துணி மட்டும் என்றால் கதவைத் திறக்கும்போது சுருண்டு நகர்ந்துவிடும். கொட்டையின் கனத்தில் அது தரையோடு படிந்து கிடக்கும். கதவு 3 அடி அகலம் என்றால் உருளை நாலு விரற்கடை கூடுதலாக இருக்கட்டும், மூலையில் காற்று நுழையாது. ஒரு பேண்டில் இரண்டு கதவுக்கு ஆயிற்று.

ஜன்னல் கண்ணாடிக்குப் பார்சலில் வருகிற பபிள் ராப்பை எடுத்து வைத்துக்கொள்வேன். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழ்ப் பக்கம் கண்ணாடியைத் தொடுகிற மாதிரி அழுத்தினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். குமிழுக்குள் அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கிறது. மார்ச்சில் உரித்து மடித்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

தரை இன்னொரு எதிரி. "அண்ணி, உங்கூட்டுத் தரையில கால வெக்கவே முடியலீங்க" என்று நாத்தனார் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். சிமெண்ட், காலின் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். அடியில் சாக்கு, அதன்மேல் நாலைந்து அடுக்கு செய்தித்தாள், மேலே பவானி ஜமக்காளம். ஒரே கனமான விரிப்பைவிட இப்படி அடுக்கடுக்காகப் போடுவதுதான் கதகதப்பு, அடுக்குக்கு நடுவே காற்று நிற்கும் என்பதால். எங்கள் அம்மா காலத்து ஜமக்காளம் அது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக, விரித்தவுடனே அறைக்கு ஒரு பண்டிகைக் களை வந்துவிடும்.

இரண்டு அறையையும் சூடாக்கப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லீவு நாட்களில் நாங்கள் ஏழு பேரும் ஒரே அறையில்தான். சமையலறையை ஒட்டின அறை அது. ராத்திரிச் சமையலை ஆறரைக்கு ஆரம்பித்து நடுக்கதவைத் திறந்து வைத்தால் அடுப்புச் சூடு இந்தப் பக்கம் வரும். சமையலறை ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவு திறந்தே வைப்பேன். ஆவி வெளியே போகாவிட்டால் தகரத்தில் வியர்த்து, சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். ஈரத்துணியை உள்ளே காயப்போடாததும் இதனால்தான்.

விளக்கு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வெள்ளை டியூப் லைட் போட்டால் அறை ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும், குளிர் இன்னும் கூடத் தெரியும். லீவு முடிகிற வரைக்கும் மஞ்சள் வெளிச்சம் தருகிற 9 வாட் எல்.இ.டி. பல்புதான், அதுவும் தாழ்வாக, ஸ்டூல் உயரத்தில். கார்த்திகைக்கு வாங்கின அகல் விளக்குகள் அப்போது கைவசம் இருக்கும். ஒரு பழைய தாம்பாளத்தில் மணல் பரப்பி, திரைச்சீலையை விட்டுத் தள்ளி, நாலைந்தை ஏற்றி வைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது பிள்ளைகள் அங்கேதான் கிடப்பார்கள். காற்றுக்கு உதிர்ந்த பைன் காய், வேலி கத்தரித்தபோது விழுந்த சைப்ரஸ் கிளை எல்லாம் பொறுக்கி வந்து, அவருக்குப் பாதி, எங்கள் ஜன்னலுக்குப் பாதி. போன வருஷத்துக் காகித நட்சத்திரத்துக்குக் கிழிந்த இடத்தில் கலர் பேப்பர் ஒட்டினால் போதும். வாசலில் அது எரிகிறபோது தெருவே நம் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

வாசனைக்குக் காசு வேண்டாம். கமலா ஆரஞ்சுத் தோல், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, எல்லாம் தண்ணீரில் போட்டு அடுப்பைச் சிம்மில் வைத்தால் வீடு முழுக்க மணக்கும். அதே நேரத்தில் சுக்குக் காபியும் வர்க்கியும் நடுவில் வந்துவிட்டால் யாரும் கம்பளிக்குள் ஒளிய மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள். குளிருக்குக் கரி மூட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி இந்த மலையில் வந்திருக்கிறது. கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜன் போக வேண்டிய இடத்தில் அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும், தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. எங்கள் அத்தைக்குக் கணப்பு இல்லாவிட்டால் குளிர்காலம் போலவே இருக்காது. அவருக்காக முற்றத்தில், திறந்த வெளியில் சீகை மர (வாட்டில்) விறகு போட்டு மூட்டுவோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகுதான் உள்ளே வருவோம்.

படுக்கைக்குப் பாட்டி வைத்தியம்தான். ஒரு கிலோ கல்லுப்பை இரும்பு வாணலியில் போட்டுச் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். முதலில் படபடவென்று வெடிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அடங்கினதும் இறக்கி, இரண்டு மடிப்புக் கெட்டிக் காடாத் துணியில் தைத்த பைக்குள் கொட்டி வாயை இறுக்கிக் கட்டுவேன். நைலான் துணி வேண்டாம், உருகிவிடும். மணிக்கட்டில் வைத்துப் பார்த்துச் சூடு பொறுக்கிறது என்றால் கம்பளிக்குள் கால்மாட்டில் வைத்துவிடலாம். பிள்ளைகள் படுக்கிறபோது போர்வைக்குள் இதமாக இருக்கும். அதே உப்பை மறுநாளும் வறுக்கலாம், ஈரம் இழுக்காமல் மூடி போட்ட டப்பாவில் வைத்தால் சீசன் முழுக்க வரும்.

இந்த வருஷம் நாத்தனார் 24ஆம் தேதி வருகிறாள். ஜனவரி முதல் வாரம் வரை இருக்கச் சொல்லியிருக்கிறேன். படுகர்கள் கொண்டாடுகிற பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா அதற்குள் வந்தால் எல்லாரையும் கூட்டிப்போக வேண்டும். கம்பளிகளை இப்போதே பத்து மணி வெயிலில் போட ஆரம்பித்தாயிற்று. மூன்று மணிக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் ஈரம் ஏறிவிடும்.