அலுவலக மெயிலில் திறந்த சொந்தக் கணக்கை மாற்றி எடுத்த கதை

மட்டக்களப்பில் என்.ஜி.ஓ. வேலை செய்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை கிடைத்ததும் தருகிற அலுவலக மெயில் முகவரியையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுவோம். சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திட்டத்தை முடித்துக்கொண்டு போகப் போக, அந்த முகவரிகளும் கூடவே போயின. எங்கள் அலுவலகத்தின் முறையும் வந்தது. மாத முடிவோடு மெயில் எல்லாம் மூடப்படும், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொழும்பிலிருந்து அறிவித்தல்.

எனக்கு வேண்டியது மெயிலுக்குள் இல்லை. அதே முகவரியில் பல வருடங்களுக்கு முன் நான் திறந்த சொந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருந்தது. அப்பாவின் காணி உறுதியின் ஸ்கேன், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படங்கள் எல்லாம் அதன் வன்டிரைவில்தான், அதாவது பைல்களை இணையத்தில் சேமித்து வைக்கிற இடத்தில். கனடாவில் இருக்கிற அண்ணா வருடா வருடம் காசு கட்டுகிற மைக்ரோசொஃப்ட் குடும்பச் சந்தாவில் ஆறு பேர் சேரலாம். அதில் என் பங்கும் இந்தக் கணக்கில்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. அலுவலகம் மைக்ரோசொஃப்ட் சேவையைப் பாவித்தால், அந்த முகவரியில் புதிதாகச் சொந்தக் கணக்கு திறக்க 2016 செப்டெம்பருக்குப் பிறகு விடுவதில்லை. அதற்கு முன்பே திறந்தவர்களுக்கு ஒரே முகவரியில் இரண்டு கணக்கு, இரண்டு பாஸ்வேர்ட். உள்ளே போகும்போது 'வேலை அல்லது பாடசாலைக் கணக்கா, சொந்தக் கணக்கா' என்று கேட்கும். உங்களுக்கும் அப்படிக் கேட்டால், அலுவலகம் மூடப்போவது முதலாவதை மட்டும்தான். இரண்டாவது உங்களுடையது, அதில் அவர்கள் கை வைக்க முடியாது. ஆனால் நுழைவது நீங்கள்தானா என்று உறுதிப்படுத்த அதற்கு வரவேண்டிய கோட் நம்பர் மூடிய பெட்டிக்குள் அல்லவா போய் விழும்!

அதனால் நான் முகவரியை மாற்றுவதில் தொடங்கவில்லை. கோட் எங்கே வரவேண்டும் என்பதை முதலில் மாற்றினேன். கணக்குக்குள் இவை இரண்டும் வேறு வேறு இடம். நுழைகிற பெயர் 'யுவர் இன்ஃபோ' பக்கத்தில் இருக்கும். கோட் வருகிற போன், மெயில் எல்லாம் 'செக்யூரிட்டி' பக்கத்தில். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தால், அடுத்த முறை மைக்ரோசொஃப்டுக்குச் சந்தேகம் வந்து கோட் அனுப்பும்போது பழைய பெட்டிக்கே அனுப்பும்.

செக்யூரிட்டிக்குள் போகவே ஒரு கோட் கேட்டது. முகவரியின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் காட்டி, மிச்சத்துக்கு உடுக்குறி போட்டு, முழுவதையும் நீங்களே எழுதுங்கள் என்று சொல்லும். எழுதினால்தான் அனுப்பும். வந்த மெயிலில் அனுப்பியவர் முகவரியைப் பார்த்தேன், 'அக்கவுன்ட்புரொடெக்‌ஷன் டொட் மைக்ரோசொஃப்ட் டொட் கொம்' என்று முடிந்தது. இந்தப் பெயரில் கள்ள மெயிலும் நிறைய வருவதால் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு என் போன் நம்பரைச் சேர்த்தேன். நாட்டுக்கு இலங்கையைத் தெரிவுசெய்தால் +94 தானாக வந்துவிடும், முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு எழுதலாம். ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு மூலையில்தான் பிடிக்கும். எஸ்.எம்.எஸ். வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுமோ என்ற பயத்தில் ஒத்தென்டிகேட்டர் செயலியையும் சேர்த்தேன். அது 30 செக்கனுக்கு ஒருமுறை போனுக்குள்ளேயே நம்பரை உண்டாக்கும், சிக்னலே வேண்டாம். கூடவே ஜிமெயிலையும் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் முகவரி. ஜிமெயிலையே நுழைகிற பெயராகவும் வைக்கலாம் என்று நினைத்தால், அது ஏற்கனவே வேறொரு மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று வந்தது. யோசித்துப் பார்த்தால் ஸ்கைப்! லண்டனில் இருக்கிற தங்கச்சியோடு கதைக்க அந்த ஜிமெயிலில் திறந்தது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டாலும் அதற்குப் பின்னால் இருந்த கணக்கு அப்படியே இருக்கிறது. ஒரு முகவரி ஒரு கணக்கில் மட்டும்தான் இருக்கலாம். கோட் வருகிற இடமாகப் போடுவதற்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

ஸ்கைப் கணக்கைக் கிண்டப் போகாமல், அதே பக்கத்தில் புதிதாக ஒரு அவுட்லுக் முகவரியை உண்டாக்கினேன். என் பெயரில் நினைத்தது எல்லாவற்றையும் யாரோ எடுத்துவிட்டார்கள், கடைசியில் ஊர்ப் பெயரையும் ஒட்டவேண்டியதாயிற்று. பிறகு 'மேக் பிரைமரி' என்பதை அழுத்தினேன். அவ்வளவுதான். பைல், சந்தா, பாஸ்வேர்ட் எதுவும் அசையவில்லை, ஏனென்றால் கணக்கு அதே கணக்கு.

பழைய முகவரியை உடனே நீக்கவில்லை. அதை வைத்து உள்ளே நுழைய முடியாதபடி 'சைன்-இன் பிரிஃபரன்சஸ்' பகுதியில் சரி அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டேன். மாதம் முடியும்வரை அந்த மெயில் பெட்டியில் 'வெரிஃபை', 'வெல்கம்' என்று தேடி, வேறு எங்கெல்லாம் இந்த முகவரியைக் கொடுத்திருக்கிறேன் என்று பார்த்தேன். மறந்தே போன கணக்குகள் எல்லாம் எழும்பி வந்தன. முக்கியமானதை மாற்றினேன், மற்றதை விட்டேன். கடைசியில் பெயர்ப் பக்கம், செக்யூரிட்டிப் பக்கம் இரண்டிலிருந்தும் பழையதை நீக்கினேன். நிறுவனம் டொமைனை, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற பெயரை, புதுப்பிக்காமல் விட்டால் நாளைக்கு அதை யாரும் வாங்கலாம். வாங்கியவருக்கு என் பெயரில் ஒரு பெட்டி திறக்க எவ்வளவு நேரம் போகும்?

லெப்டொப்பில் பின் நம்பர் முன்போலவே வேலை செய்தது. எக்செல் மட்டும் மேல் மூலையில் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தது, வெளியேறித் திரும்ப நுழைந்ததும் மாறியது.

எங்களோடு களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேலை செய்த தம்பி ஒருவர் பெட்டி மூடிய பிறகுதான் போன் எடுத்தார். "அக்கா, பாஸ்வேர்ட் சரி எண்டுது, ஆனா கோட் பழைய மெயிலுக்குத்தான் போகுது." இதற்கும் வழி இருக்கிறது. பழைய விபரம் எதுவும் கையில் இல்லை என்று சொல்லிப் புது நம்பரைக் கொடுக்கலாம். ஆனால் இருப்பதை முழுவதும் மாற்றுவதென்றால் 30 நாள் காத்திருக்க வேண்டும். கள்ளன் யாரும் மாற்றினால் உரிய ஆள் தடுப்பதற்காக வைத்த தவணை அது. தம்பி நம்பரைக் கொடுத்துவிட்டு இப்போது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருடைய மகளின் சாதாரண தரப் பெறுபேற்றுப் பத்திரம் அதற்குள் இருக்கிறதாம்.