சரியாக 6.67 வந்தால் சந்தேகப்படுங்கள்

ஈர்ப்பு விதியைக் கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிவிடலாம். அதிலுள்ள ஈர்ப்பு மாறிலியை (SI அலகில் 6.67 × 10⁻¹¹; இங்கே 6.67 என்றே சொல்கிறேன்) ஆய்வகத்தில் அளப்பதுதான் பெரும்பாடு. கல்லூரிகளுக்கென்று விற்கப்படும் முறுக்குத் தராசு (இழை முறுகும் அளவை வைத்து நுண்விசையை அளக்கும் கருவி) ஒன்றில் பெரிய குண்டு ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோ. இழையில் தொங்கும் தண்டின் முனைகளில் 38 கிராம் குண்டுகள். மையத்துக்கு மையம் 46.5 மி.மீ. இருக்கையில் ஒரு ஜோடிக்கு இடையிலான விசை சுமார் 1.8 நானோநியூட்டன். மற்ற எல்லாத் தொந்தரவும் இதைவிடப் பெரியது.

பெட்டியின் கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே நிலைமின்சாரம் ஏறி, தண்டு ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்கு எர்த் ஒயர் கட்டாயம். சன்னல் வெயில் ஒரு பக்கம் பட்டால் உள்ளே காற்று சுழலும். ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் 1798-இல் கருவியைத் தனி அறையில் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தது இதனால்தான். புதிதாகப் பாரம் ஏறிய இழை மெல்லத் தளர்ந்துகொண்டே இருக்கும். முந்தைய மாலையே தொங்கவிட்டுவிடுவது நல்லது.

அலைவுநேரம் எட்டு நிமிடம் என்றால், பெரிய குண்டுகளை ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் திருப்பும்போது, தண்டோடு திரும்பும் சிறு ஆடியில் பட்டு ஐந்து மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழும் லேசர் புள்ளி சுமார் 10 செ.மீ. இடம் மாறும். அலைவு அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்தடுத்த மூன்று திருப்புமுனைகளைக் குறித்து, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சராசரி கண்டு, அதை இரண்டாவதோடு மறுபடி சராசரி எடுத்தால் சமநிலைப் புள்ளி கிடைக்கும். பெரிய குண்டுகளை எதிர்ப்பக்கம் திருப்பி அளந்த பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து இன்னொரு முறை அளக்க வேண்டும். இழையின் நகர்வு அதில் பெரும்பாலும் கழிந்துவிடும். திருப்பும்போது குண்டு கண்ணாடியில் இடித்தால் போச்சு, அலைவு முழுக்கக் கலைந்துவிடும்.

கணக்கில் சிறிய குண்டின் நிறை அடிபட்டுப் போகும். தூரம் அப்படியில்லை, இருமடியாக வருகிறது: ஒரு மி.மீ. தவறினால் விடை 4 சதவீதத்துக்கு மேல் தவறும்.

பலரும் விடுவது இன்னொன்று. பெரிய குண்டு எதிர்முனைச் சிறிய குண்டையும் இழுக்கிறது. அந்தத் திருப்புவிசை எதிர்த்திசையில். இந்த அளவுகளுக்கு அது 7.5 சதவீதம். வந்த விடையை 0.925-ஆல் வகுக்க வேண்டும். திருத்தாத கணக்கில் 6.2 வந்தால் அளவீடு ஒழுங்கு. திருத்தாமலே 6.67 வந்திருந்தால் வேறு ஒரு பிழை இதை மறைத்திருக்கிறது. முதலில் தூரத்தை, அடுத்து அலைவுநேரத்தைச் சோதிப்பேன். ஒரே அலைவை வைத்து நேரம் எடுத்த நோட்டுகளில் பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும்.