13 வருஷ பிக்கப்புக்கு விலை போட்ட கதை

பரமத்தி வேலூரில் நானும் அண்ணனும் சேர்ந்து நடத்திவந்த வாழைத்தார் மண்டியை 2025 தீபாவளியோடு பிரித்துக்கொண்டோம். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு கணக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கடை அட்வான்ஸ், தராசு, வெளியில் நின்ற பாக்கி எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் பேசி முடித்துவிட்டோம். இழுத்தது ஒன்றே ஒன்று: 2012 ஜூனில் எடுத்த பொலிரோ பிக்கப்.

வண்டி அண்ணனுக்குத்தான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆர்.சி. அவர் பேரில் இருக்கிறது, ஓட்டுவதும் அவர்தான். பணம் மட்டும் கூட்டு வியாபாரத்தில் போட்டது, அதனால் விலையில் பாதி எனக்கு வர வேண்டும். அண்ணன் ஒன்றரை லட்சம் என்றார். என் மனசில் மூன்று இருந்தது. இரண்டுமே வாய்க்கு வந்த எண்கள்தான். தாய்மாமன், "வெளிய வித்தா என்ன வருமோ, அதையப் போட்டு எடுத்துக்கங்கப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். வெளியே விற்றால் என்ன வரும் என்பதுதானே எங்களுக்குத் தெரியாதது.

முதலில் ஆடிட்டரிடம் கேட்டேன். வருமான வரிச் சட்டத்தில் 'நியாயமான சந்தை விலை' என்றால் வெளிச் சந்தையில் அந்தத் தேதிக்குச் சாதாரணமாக என்ன கிடைக்குமோ அதுதான் என்றார். மாமா டீக்கு முன்னால் சொன்னதேதான். கணக்குப் புத்தகத்தில் என்ன நிற்கிறது என்று கேட்டதற்கு 62,800 சொச்சம் என்றார். 5,20,000-க்கு வாங்கியது, வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் 13 வருஷத்தில் அங்கேதான் வந்து நிற்கும். அது வரிக்கான எண். வண்டி ஓடுமா ஓடாதா என்பது அதற்குத் தெரியாது.

இன்சூரன்ஸ் பக்கம் போனாலும் அதே கதை. வண்டி புதுசாக இருக்கும்போது ஐ.டி.வி.க்கு, அதாவது வண்டி மொத்தமாகப் போனால் கம்பெனி தரும் தொகைக்கு, ஓர் அட்டவணை உண்டு: ஆறு மாதம் வரை 5 சதவீதம் என்று ஆரம்பித்து ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் வரை கழிப்பார்கள். ஐந்து வருஷம் தாண்டினால் கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்வதுதான். எங்கள் வண்டிக்கு 2019-லிருந்து தேர்டு பார்ட்டி மட்டும்தான் கட்டுகிறோம். ஆக, அதில் ஐ.டி.வி. என்று ஒன்று கிடையாது.

சரி என்று ஆன்லைன் விளம்பரங்களில் இறங்கினேன். நாமக்கல், கரூர், ஈரோடு, சேலம் என்று நாலு மாவட்டத்தில் 2011-லிருந்து 2013 வரை எடுத்த அதே மாடலைத் தேடினேன். 2,40,000 முதல் 3,60,000 வரை போட்டிருந்தார்கள். 3,60,000-ஐப் பார்த்ததும் அண்ணனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "அது அவன் கேக்கற வெல. எவன் குடுத்தான்?" என்று பதில் வந்தது. அவர் சொன்னது நியாயம்தான். அப்புறம்தான் வேறு மாதிரி செய்தேன். 'விற்றாச்சு' என்று போட்டிருந்தவர்களுக்கும், பழைய விளம்பரம் போட்டிருந்தவர்களுக்கும் போன் செய்து, "வாங்கறதுக்கில்லீங்க, எங்க வண்டிக்கு வெல தெரியணும், எவ்வளவுக்குப் போச்சுங்க?" என்று நேராகக் கேட்டேன். ஒன்பது பேரில் நாலு பேர் சொன்னார்கள். அதில் கரூர்க்காரர் ஒருவர் 3,10,000 போட்டிருந்த 2012 வண்டியை 2,55,000-க்குக் கொடுத்திருந்தார். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, டயர் நாலும் நல்ல டயர். மற்ற மூன்றும் அதற்குக் கொஞ்சம் முன்பின்னாக இருந்தன. எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான எண் அந்த 2,55,000-தான்.

நாமக்கல்லில் பழைய வண்டி யார்டு ஒன்றுக்கு விற்பவன்போலப் போனேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 1,85,000 என்றார்கள். அடுத்த வாரம் வேறொரு யார்டுக்கு வாங்குபவன்போலப் போனேன். ஏறக்குறைய அதே வயசு வண்டிக்கு 2,90,000 கேட்டார்கள். மனசுக்குள் திட்டினேன், ஆனால் நிதானமாக யோசித்தால் இடையில் இருப்பது முழுக்க லாபம் இல்லை. பெயிண்ட், சின்னச் சின்ன வேலை, நிற்கும் நாளுக்கு வட்டி, போதாதற்கு ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி பழைய வண்டியில் வரும் லாபத்துக்கு 18 சதவீதம் கட்ட வேண்டும். அந்த யார்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். 2025 செப்டம்பர் 22-லிருந்து புது சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது. வரி சேராமல் ஒரு லட்ச ரூபாய் விலைக்கு 1,28,000 கொடுத்தவன் இப்போது 1,18,000 கொடுத்தால் போதும். புது வண்டி விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே செய்யும். நான் மனசில் வைத்திருந்த மூன்று லட்சம் அதற்கு முந்தைய நினைப்பு.

"பதிமூணு வருச வண்டிக்கு யாருங்க பைனான்ஸ் போடுவாங்க?" என்றும் கேட்டார். எங்கள் பக்கம் பழைய வண்டி விலையை முடிவு செய்வது பாதிக்குப் பாதி பைனான்ஸ்காரர்கள்தான். கடன் கிடைக்காத வண்டியைக் கையில் மொத்தமாகக் காசு வைத்திருப்பவன்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவன் அவசரப்பட மாட்டான்.

எல்லாவற்றுக்கும் அடிமட்டம் ஒன்று வேண்டுமே என்று காயலான் கடையிலும் கேட்டு வைத்தேன். முழு வண்டியாக 45,000 என்றார். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்தது வண்டியையே பார்ப்பது. இரண்டு பேருக்கும் பொதுவான ஆளாக, பரமத்தி வேலூரிலேயே இருபது வருஷமாக டீசல் வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவரை வைத்துக்கொண்டோம். அவர் போட்ட ஒரே நிபந்தனை, முந்தின ராத்திரிக்குப் பிறகு வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. காலை ஆறு மணிக்கு வந்தவர் முதலில் பானெட்டில் கையை வைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தார். சூடேற்றி வைத்த டீசல் இன்ஜின் எல்லாம் நல்ல இன்ஜின்தான் என்பது அவர் கட்சி. ஹீட்டர் போட்டு இரண்டாவது சுற்றில் பிடித்தது. கொஞ்சம் கறுப்பாகப் புகைத்தது, பிறகு புகை நின்றுவிட்டது. "கறுப்புன்னா நாசில், ஏர் பில்டர். காசு கம்மி. நீலமா வந்திருந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம், சிலிண்டர் போர் வேலை" என்றார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓடுகிற இன்ஜின் மேல் தலைகீழாக வைத்தார். மூடி லேசாக ஆடியது, துள்ளிக் கீழே விழவில்லை. ரிங் இன்னும் தாங்குகிறது என்று அர்த்தமாம். மூன்று பேரும் அந்த மூடியையே முறைத்துக்கொண்டு நின்றோம்.

மீட்டர் 1,46,312-ல் நின்று ஆறு வருஷம் ஆகிறது. மண்டி டீசல் நோட்டு இருந்தது. மீட்டர் நின்ற மாதத்திலிருந்து கூட்டினால் 8,600 லிட்டர் சொச்சம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விற்கப் போகிறவன் யாரும் இந்த நோட்டைக் காட்ட மாட்டான். அண்ணன் தம்பிக்குள் என்பதால் காட்டியாயிற்று.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) பரவாயில்லை. ஆனால் முன்டயரின் ஓரத்தில் நாலு இலக்க எண்ணைக் காட்டினார்: 2318. 2018-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஏழு வருஷ ரப்பர், ஓரமெல்லாம் வெடிப்பு. இரண்டும் மாற்ற வேண்டும். கிளட்ச் மேலே வந்து பிடிக்கிறது, தேய்ந்திருக்கிறது.

பின்பக்கம் பலகையெல்லாம் வாழைக்கறை, எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு. அதைப் பார்த்து, "தார் லோடு வண்டி, அலுங்காம ஓடியிருக்கும்" என்று பாராட்டிக்கொண்டே குனிந்தவர், பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். "ஏனுங்க, ஒரு பட்டை சேத்தி ஏத்தியிருக்கே. அப்படியும் ஒரு பக்கம் இறங்கியிருக்குது. செங்கல், மணல் ஏதாச்சும் ஓடுச்சுங்களா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். 2021-ல் நான் வீடு கட்டும்போது இரண்டு மாதம் எம்-சாண்ட் அடித்தது இந்த வண்டியில்தான். காலியாக நிற்கிற வண்டிதானே என்று டிரைவரிடம் சொல்லி நானே ஏற்றினேன், பட்டை சேர்த்ததும் நானே. நாலு வருஷமாக அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டதில்லை.

பேப்பர் பக்கம் இன்னொரு அடி. எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. இன்னும் நாலு மாதம், இன்சூரன்ஸ் சரி, அபராதம் ஒன்றும் பாக்கி இல்லை. ஆனால் பைனான்ஸ் பெயர் அப்படியே நின்றது. கடனை 2016-லேயே கட்டி முடித்தாயிற்று. கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. வாங்கி பீரோவில் வைத்ததோடு சரி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்யவே இல்லை. என்.ஓ.சி.யை எடுத்துப் பார்த்தால் அதன் காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. கடன் கொடுத்த கம்பெனி ஊர்க் கிளையையும் மூடிவிட்டது. புது என்.ஓ.சி.க்கு இரண்டு வாரம் அலைந்தேன். ஒவ்வொரு போனுக்கும் கடன் எண்ணை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் கூரியரில் வந்தது. படிவம் 35-ஓடு சேர்த்துக் கொடுத்து, பெயரை எடுத்தாயிற்று. இதைச் செய்யாமல் வெளியே விற்கப் போயிருந்தால் 15,000 குறைத்துத்தான் கேட்டிருப்பார்கள் என்றார் ஒரு புரோக்கர். அலைச்சல் ஒன்றும் 15,000-க்குக் குறைச்சல் இல்லை என்பது என் எண்ணம்.

கணக்குக்கு உட்கார்ந்தோம். நான் பண்ணவிருந்த தப்பை மெக்கானிக் தடுத்தார். செய்ய வேண்டிய வேலை அத்தனையையும் 2,55,000-ல் கழிக்கப் பார்த்தேன். "அந்தக் கரூர் வண்டி மட்டும் புதுசுங்களா? அதுக்கும் நாசில் வேலை இருந்திருக்கும். அதைவிட இதுல எது கம்மியோ அதை மட்டும் கழிங்க" என்றார். முன்டயர் இரண்டு 15,000. கிளட்ச் 11,000. பட்டை, புஷ் 8,000. எஃப்.சி.க்கு டிங்கரிங், பெயிண்ட், பிரேக் எல்லாம் சேர்த்து எப்படியும் 20,000 ஆகும். எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் அது வருஷா வருஷம். கரூர் வண்டிக்குப் பதினொரு மாதம் மிச்சம், எங்களுக்கு நாலு. அந்த ஏழு மாத வித்தியாசத்துக்கு 12,000. ஆக 46,000 போக 2,09,000.

2027 ஜூனில் 15 வருஷம் தாண்டிவிடும், எஃப்.சி. கட்டணம் ஒரேயடியாக ஏறும், அதற்கும் கழிக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு கொக்கி போட்டார். கரூர் வண்டியும் 2012 தான், அந்தக் கழிவு அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது என்றேன். மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தலையாட்டினார். விட்டுவிட்டார்.

பட்டைக் கணக்கை மட்டும் நானே தனியாக எடுத்தேன். அது தேய்மானம் இல்லை, என் வீட்டு மணல். அதை விலையில் கழிக்காமல் விட்டால் 2,17,000, பாதி 1,08,500. அதில் 8,000-ஐ என் பங்கிலிருந்து முழுசாகக் கழித்தால் 1,00,500. அண்ணன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எண்ணில் ஒன்று வர வேண்டும் என்று 1,01,000-ஆக எண்ணிக் கையில் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து ஜேடர்பாளையத்தில் பூவன் தார் லோடு ஒன்று வந்தது. எனக்கு இன்னும் வண்டி அமையவில்லை. தயங்கித்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். சாவி கடையில் இருக்கிறது, டீசல் ஊற்றிக்கொண்டு எடுத்துக்கொள் என்றார். வைக்கப் போகும்போது சொன்னார்: "கொண்டாந்து விடறப்போ பட்டையை எண்ணித்தான் வாங்குவேன்."