இருபது லிட்டர் பாலை எடுத்து வைத்த கதை

எங்கள் கொட்டகை புழல் ஏரிக்கு இந்தப் பக்கம், மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 8 மாடு. ஜெர்சி கலப்பு ஐந்து, எச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீன் கலப்பு மூன்று. எப்போது பார்த்தாலும் ஆறுதான் கறவையில் இருக்கும். மற்ற இரண்டும் சினையாகவோ பால் வற்றியோ நிற்கும். இரண்டு வேளையும் சேர்த்து ஏறக்குறைய 60 லிட்டர். அதை அப்படியே பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவை பணம் வாங்கிக்கொண்டு, தவிடு, பிண்ணாக்கு கடனைக் கட்டிக்கொண்டு இருந்தோம். பெரிதாக மீதியும் இல்லை, பெரிதாகக் கவலையும் இல்லை.

2022 தொடக்கத்தில் சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது ஒரு விவசாய இதழ் கையில் கிடைத்தது. வெளியூர்க்காரர் ஒருவர் பன்னீர் செய்து விற்கிறார், பாலாக ஊற்றினால் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு பார்க்கிறார் என்று இரண்டு பக்கக் கட்டுரை. மாட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நிற்கிற படம் வேறு. எந்த மாட்டுக்காரர் வெள்ளை வேட்டியோடு கொட்டகைக்குள் போகிறார்? அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கணக்கு என்னவோ சுலபம்தான். பசும்பால் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் ஒரு கிலோ பன்னீர். 20 லிட்டரில் 3 கிலோ. கிலோ 400 ரூபாய் என்றால் 1,200. அதே 20 லிட்டரைச் சங்கத்தில் ஊற்றினால், அப்போதைய விலை லிட்டருக்கு 32 ரூபாய், 640தான் வரும். அதுவும் கொழுப்பும், எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பில்லாத திடப்பொருளும் சரியாக இருந்தால். வீட்டுக்காரியிடம் சொன்னேன். "முதல்ல செய்யக் கத்துக்குவோம்" என்றாள்.

கற்றுக்கொள்வது கஷ்டமாக இல்லை. அலமாதிக்குப் பக்கத்தில் கோடுவெளியில் உணவு, பால் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த எங்கள் உறவுக்காரப் பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுத்தான். பாலை 90 டிகிரிக்குக் காய்ச்சி, 80க்கு இறக்கி, சிட்ரிக் அமிலக் கரைசலை மெல்ல ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், சூடு குறைந்தால் குழைந்துவிடும். முதல் மூன்று தடவை செய்ததை நாங்களே சாப்பிட்டோம். நான்காவது தடவை செய்ததைப் பக்கத்து அடுக்குமாடியில் கொடுத்தோம். ஆர்டர் வந்தது.

சிக்கல் சங்கத்தில்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் தொடர்ந்து 20 லிட்டர் குறைந்ததும் செயலாளர் கேட்டார்.

"என்னண்ணே, மாடு வத்திடுச்சா?"

"இல்லப்பா. பன்னீர் போடுறோம்."

"பதிவு பண்ணிட்டீங்களா?"

என்ன பதிவு என்று விழித்தேன். அவர்தான் விளக்கினார். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து முழுப் பாலையும் சங்கத்துக்கே ஊற்றுகிற உற்பத்தியாளர் தனியாகப் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. 'முழுப் பாலையும்' என்கிற அந்த வார்த்தைதான் விஷயம். நான் 20 லிட்டரை எடுத்து வைத்த அன்றே அந்தச் சலுகைக்கு வெளியே வந்துவிட்டேன். அடுக்குமாடியில் யாராவது வயிற்றுவலி என்று புகார் கொடுத்திருந்தால் என் கையில் ஒரு தாளும் இருந்திருக்காது.

அன்று மத்தியானமே அந்த இதழை சலூனில் கேட்டு வாங்கிவந்து வரிவரியாகப் படித்தேன். பதிவு என்ற சொல்லே அதில் இல்லை. கொட்டகை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, லாபம் இருக்கிறது. அரசாங்கம் மட்டும் இல்லை.

பதிவு செய்யப் போன கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே வழியில் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். 1,500 ரூபாய் கேட்டார்கள். கொடுத்தேன். அப்போது அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான், ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினாலும் 500தான் என்பது பிறகுதான் தெரிந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் என்கிற இணையதளத்தில் நாமே போடலாம். படமும் அடையாள அட்டையும் இருந்தால் போதும். சென்டர் பையன் அவசரத்தில் என்னைச் சில்லறை விற்பனையாளர் என்று போட்டுவிட்டான். நான் செய்பவன், வெறுமனே வாங்கி விற்பவன் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை என் மகளை உட்காரவைத்து வீட்டிலேயே போட்டோம்.

அங்கேதான் அளவு பற்றிய குழப்பம். சிறு உணவுத் தொழில் யார் என்று அன்று விதி சொன்னது இது: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்கு மிகாமல், 'மற்றும்/அல்லது' பால் கொள்முதலோ கையாளுதலோ ஒரு நாளைக்கு 500 லிட்டர் வரை. அந்தச் சாய்வுக்கோட்டைப் பார்த்து நானும் மகளும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். 'மற்றும்' என்றால் இரண்டு வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். 'அல்லது' என்றால் ஒன்று போதும். இரண்டையும் சேர்த்து எழுதினால் என்ன அர்த்தம்?

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. எங்கள் 60 லிட்டரையும் பன்னீராக்கினால் 9 கிலோ, 3,600 ரூபாய். ஆண்டுக்கு 13 லட்சத்தைத் தாண்டும். பால் அளவில் பார்த்தால் 500 லிட்டரில் எட்டில் ஒரு பங்குகூட நாங்கள் இல்லை. பணத்தில் பார்த்தால் வரம்பைத் தாண்டிவிட்டோம். தாண்டினால் பதிவு போதாது, உரிமம் வேண்டும் என்றால் அன்றைய கட்டணப்படி 100 ரூபாய் 3,000 ஆகியிருக்கும். அதைக்கூடக் கட்டிவிடலாம், இடத்தின் வரைபடம், இயந்திரப் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை என்று நீளும் பட்டியலுக்கு எங்கே போவது? எங்கள் இயந்திரம் ஒரு அடுப்பும் ஒரு அம்மிக்கல்லும்தான். பன்னீர் மேல் பாரத்துக்கு வைப்பது அம்மிக்கல்.

தெரிந்த ஓர் ஆலோசகர், "உரிமமே எடுத்திடுங்க, நான் முடிச்சுத் தரேன்" என்றார். அவர் சொன்ன தொகையில் ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். கடைசியில் ஆய்வுக்கு வந்த அதிகாரியிடமே கேட்டேன். கொஞ்சம் வயதானவர், நிதானமான மனிதர். சங்கத்துக்கு ஊற்றும் 40 லிட்டர், பன்னீராகும் 20 லிட்டர் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். ஆண்டுக்கு 9 லட்சம் சொச்சம் வந்தது.

"நீங்க ரெண்டு வரம்புக்குள்ளயும் இருக்கீங்க. பதிவு போதும். மொத்தப் பாலையும் பன்னீராக்குற அன்னைக்கு வந்து பேசுங்க" என்றார்.

அந்த ஆய்வைப் பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கொட்டகைக்கும் சமைக்கும் இடத்துக்கும் நடுவே சுவர் இருக்கிறதா, ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, கை கழுவ இடம், ஈ வராத மூடி, பாத்திரம் எவர்சில்வரா. போர் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று கேட்டார். நான் முன்கூட்டியே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மாதிரி கொடுத்து வாங்கிவைத்திருந்தேன். அதைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. பிறகு நான் யோசிக்காத ஒரு கேள்வி.

"பன்னீர் எடுத்த தண்ணிய எங்க ஊத்துறீங்க?"

20 லிட்டரில் 3 கிலோ பன்னீர் போனால் மீதி 17 லிட்டர் பச்சை மஞ்சளாக ஒரு நீர். அதைச் சாக்கடையில்தான் விட்டுக்கொண்டிருந்தோம். இரண்டே வாரத்தில் புளித்த நாற்றம் கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே சண்டைக்கு வந்திருந்தார். அதை மாட்டுக்கே கொடுக்கலாம், ஆனால் பழக்கிப் பழக்கி, அளவாக என்று கோடுவெளிப் பையன் சொன்னான். இப்போது தவிட்டில் கலந்து வைக்கிறோம். நான் படித்த எந்தப் பன்னீர்க் கட்டுரையிலும் இந்த 17 லிட்டர் இருந்ததில்லை. பன்னீர் செய்பவன் வீட்டில் தினமும் அதிகம் கிடப்பது அதுதான்.

பதினான்கு இலக்க எண்ணோடு பதிவு வந்தது. லேபிளில் அந்த எண், பச்சைப் புள்ளி, தொகுதி எண், தேதி, எடை, விலை, முகவரி எல்லாம் போட வேண்டும். எடையளவுத் துறையில் பொட்டலமிடுபவர் என்று தனிப் பதிவு ஒன்று உண்டு, அதற்கு 500 ரூபாய். இதையும் யாரும் சொல்லவில்லை, லேபிள் அடிக்கும் அச்சகக்காரர் சொன்னார்.

அந்த ஜூலை 18ஆம் தேதி, பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்கும் தயிர், பன்னீருக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. செய்தித்தாள்களில் பெரிய எழுத்து. எங்கள் சங்க வாசலில் ஒரே பீதி. ஆண்டுக்கு 40 லட்சம் விற்றுமுதல் தாண்டாத சிறு வியாபாரிக்குப் பதிவே கட்டாயமில்லை என்ற ஒரு வரியை நான் புரட்டிய பேப்பரில் தேடித் தேடிக் காணவில்லை.

காலை ஐந்தரை மணி சங்க வாசல்தான் எங்கள் பத்திரிகை விமர்சன மன்றம். கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது எல்லாம் வெளியே வரும். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி பசும்பால் கொள்முதல் விலை 32இலிருந்து 35 ஆனது. அன்றைய செய்திகளில் கடையில் விற்கும் ஆவின் ஆரஞ்சு பால் பாக்கெட் லிட்டர் 48இலிருந்து 60 ஆனதுதான் தலைப்பு. எங்கள் 3 ரூபாய் கடைசிப் பத்தியில் இருந்தது. "வாங்குறவனுக்கு ஏறினா செய்தி, ஊத்துறவனுக்கு ஏறினா அடிக்குறிப்பு" என்றார் ஒரு பெரியவர். வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் அக்கா சொன்னதுதான் எனக்கு இன்னும் பிடித்தது: "புஸ்தகத்துல வர்ற மாடு எதுவும் வத்துறதே இல்ல."

குறை மட்டும் சொல்லக் கூடாது. கோமாரி தடுப்பூசி முகாம் எந்தத் தெருவில், எந்தத் தேதியில் என்று பெட்டிச் செய்தியாகப் போடுவார்களே, அதை நறுக்கிக் கொட்டகைத் தூணில் ஒட்டுகிறேன். என் அப்பா காலத்தில் வானொலியில் 'வீடும் வயலும்' ஓடும்போது யாரும் பேசக் கூடாது. அதில் யாரும் லட்சாதிபதி ஆனதாக எனக்கு ஞாபகம் இல்லை. மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று சொல்வார்கள்.

அடுத்த வருடம் நாங்களே கட்டுரை ஆனோம். நான் சலூனில் படித்தது போன்ற இன்னோர் இதழிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், கறந்துகொண்டிருந்த மாடு உதறாமல் படம் எடுக்கத் தெரிந்தவர். உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். கேஸ், பாக்கெட், பெட்ரோல், விற்காமல் திரும்பும் பொட்டலம் எல்லாம் போக, சங்கத்தில் ஊற்றுவதைவிட எங்களுக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக நிற்பது 250 ரூபாய் போல. அதற்கு இரண்டு பேர் நாலு மணி நேரம் வேலை. முழுப் பால் விதி, 12 லட்சம், 500 லிட்டர், அந்த 17 லிட்டர், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். போகும்போது மட்டும் தயங்கிச் சொன்னார்: "செலவெல்லாம் போட்டா ஆபீஸ்ல வெட்டிருவாங்கண்ணா."

வெட்டிவிட்டார்கள். 1,200ஐ 30ஆல் பெருக்கி, மாதம் 36,000 வருமானம் என்று தலைப்பு. அது மொத்த வசூல். பாலுக்கு விலையே இல்லாததுபோல ஒரு கணக்கு. என் படத்தில் நல்லவேளை லுங்கிதான். கீழே 'தொடர்புக்கு' என்று என் எண்.

ஆசிரியருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். அடுத்த இதழில் இரண்டு வரி வந்தது. 'எங்கள் பண்ணை பற்றிய கட்டுரை கண்டு மகிழ்ச்சி' என்பது முதல் வரி. நான் அப்படித்தான் ஆரம்பித்திருந்தேன், மரியாதைக்கு.

போன் மட்டும் நிற்கவில்லை. முதல் வாரத்தில் நாற்பது அழைப்பாவது இருக்கும். எல்லோருக்கும் முதல் கேள்வி, "36,000 நெசமாவே வருதாண்ணா?" நான் திருப்பிக் கேட்பது, "சங்கத்துக்கு முழுப் பாலும் ஊத்துறீங்களா?" அங்கேயே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். ஒருவர் என்னைத் திட்டவே திட்டினார், தொழில் ரகசியத்தை மறைக்கிறேனாம்.

பத்து நாள் கழித்து மதுராந்தகம் பக்கமிருந்து ஒரு பெண்மணி பேசினார். நான் வழக்கம்போல முழுப் பால் என்று ஆரம்பிக்கப் போனேன். "அது இருக்கட்டும் அண்ணா, அந்தப் பன்னீர்த் தண்ணிய என்ன பண்றீங்க? எங்க தெருவே நாறுது" என்றார். அரை மணி நேரம் பேசினோம். தவிட்டில் எவ்வளவு கலப்பது, எந்த மாடு குடிக்கும், எது முகத்தைத் திருப்பும் எல்லாம் சொன்னேன். கட்டுரையில் எந்தப் பகுதியைப் பார்த்துக் கூப்பிட்டீர்கள் என்று கடைசியில் கேட்டேன். அவர் அந்த இதழைப் பார்த்ததே இல்லையாம். என் எண்ணை லேபிளிலிருந்து எடுத்து அவர் தங்கச்சி கொடுத்தாளாம்.