உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?

"உங்கள் ஊரில் என்ன செய்வார்கள், மதாம்?" என்று சீஸ் காய்ச்சுபவர் கேட்டார். முழங்கை வரை நனைந்திருந்த கையைத் துடைத்துக்கொண்டே, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். "ஒன்றும் இல்லை, எல்லாம் கடையில் வாங்குவோம்" என்று சொல்லிவிட்டேன். மலையிறங்கி பஸ் ஏறும்வரை அந்தப் பொய் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

சுவிட்சர்லாந்துக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ஷத்தோ-தே என்ற மலையூரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறேன். பனியில் வழுக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டேன். பிரெஞ்சில் சண்டை பிடிக்கவும் வரும். செப்டம்பர் கடைசியில் மாடுகள் தலையில் பூ சூடி, குடம் போன்ற மணிகளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும். அப்போது கார்களெல்லாம் நின்று வழிவிடும். நானும் தெருவோரம் நின்று கை தட்டுவேன். ஊரில் தேருக்கு வழிவிடுகிற அதே பணிவு. இனி இதுதான் என் ஊர் என்று நினைத்திருந்தேன், அந்தக் கேள்வி வரும்வரை.

பக்கத்துக் கிராமமான லெத்திவாவின் பெயரில்தான் அவர் காய்ச்சும் சீஸ் விற்கிறது. மே 10 முதல் அக்டோபர் 10 வரை, மாடுகள் மலை மேய்ச்சலில் இருக்கும் காலத்தில் மட்டும், விறகு அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும் என்பது விதி. 1930களில், தரம் குறைகிறது என்று மனம் கசந்து, இதைக் காய்ச்சும் குடும்பங்கள், க்ருயேர் என்ற பெயர்பெற்ற சீஸைச் செய்பவர்களின் பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாக நின்றன. 2000ஆம் ஆண்டில், வைனைத் தவிர்த்தால் நாட்டிலேயே முதலாவதாகத் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு, அதாவது அந்த இடத்தில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற உரிமை, பெற்றதும் இதுதான்.

நான் போனபோது முந்தின மாலைப் பாலும் அன்று காலைப் பாலும் ஒரே செப்புக் கொப்பரையில் சேர்ந்திருந்தன. கன்றின் இரைப்பைச் சாறு விட்டுப் பாலை உறைய வைக்கிறார்கள். (சைவக்காரியான அம்மாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.) உறைந்ததைக் கம்பிகள் கட்டிய யாழ் போன்ற கருவியால் கோதுமை மணியளவுக்கு வெட்டினார். பிறகு கொப்பரையைத் தொங்கவிட்டிருந்த மரக்கையைத் தள்ளி, மீண்டும் நெருப்பின்மேல் கொண்டுவந்தார். சூடு 57 பாகை வரை ஏற வேண்டும். அவரிடம் வெப்பமானி இருந்தது. ஆனாலும் கொப்பரைக்குள் கையை விட்டு ஒரு பிடி மணிகளை அள்ளிப் பிழிந்தார். உருண்டையாகச் சேர்ந்தது. பெருவிரலால் உரசினார். மணிமணியாக உதிர்ந்தது. "ஆகிவிட்டது" என்றார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அம்மம்மாவின் கை நினைவுக்கு வந்தது.

தை பிறந்தால் எங்கள் வளவில் பனையிலிருந்து இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சுவார்கள். சாறு பிடிக்கும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி, தாத்தாவான அப்பு மரத்தில் கட்டுவார். பூசாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். பன்னாடையும் காய்ந்த மட்டையும் எரியும் அடுப்பில் பெரிய தாச்சி இருக்கும். முதலில் வெள்ளை நுரை பொங்கும், பிறகு அது அடங்கித் தேன் நிறமாகும். அம்மம்மா சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். கரைந்தால் பதம் வரவில்லை. உருண்டால் ஓடி வந்து குட்டான்களை நிரைக்க வேண்டும், நாங்கள் பிள்ளைகள்தான் நிரைப்போம். குருத்தோலையில் பின்னிய அந்தச் சின்னக் குட்டான்களில் ஊற்றி ஆறவிட்டால் பனங்கட்டி. தாச்சி சுரண்டியது எங்களுக்கு.

இதைத்தான் "ஒன்றும் இல்லை" என்று சொன்னேன்.

சொன்ன காரணம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். பனை ஏறுகிறவர் பேத்தி. பனங்கட்டியை விரும்பி வாங்கித் தேநீரோடு கடித்தவர்களே, அதைக் காய்ச்சிய வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினார்கள். ஆகவே அதைப் பற்றிப் பேசாமலிருக்க நான் சின்ன வயதிலேயே பழகிவிட்டேன். பிறகு போர் வந்தது. பங்கர்களுக்கென்று பனைகளைத் தறித்தார்கள். எங்கள் வளவு மரங்களும் போயின. அப்பு அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

இந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஹவுஸ்விர்ட் என்பவர் கத்தரித்த காகிதச் சித்திரங்கள் இருக்கின்றன. 1809 முதல் 1871 வரை வாழ்ந்த கூலித் தொழிலாளி அவர். மலையேறும் மாடுகளை, மரங்களை, பூக்களைத் தாளில் நுணுக்கமாகக் கத்தரித்தார். ஒரு கூலிக்காரரின் கைவேலையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து மதிக்கிறார்கள். மலை மேய்ச்சல் வாழ்வை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் ஊரே மகிழ்ந்தது. நானும்தான் மகிழ்ந்தேன். அம்மம்மா பின்னிய குட்டான்களையோ நாங்கள் உரித்து அடுப்பில் போட்டோம். எத்தனை ஆயிரம் இருக்கும்! ஒன்றுகூட இப்போது இல்லை.

அடுத்த விடுமுறையில் லோசான் நகரத்துக்குப் போய்த் தமிழ்க் கடையில் பனங்கட்டி தேடினேன். பொலித்தீன் பையில் இருந்ததை எடுக்கவில்லை. ஓலைக் குட்டானோடு இருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி மலையேறினேன்.

சீஸ் காய்ச்சுபவர் கொப்பரை கழுவிக்கொண்டிருந்தார். குட்டானை வாங்கியதும் தின்னவில்லை. மூக்கருகே வைத்து, "புகை" என்றார். பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னல் எங்கே தொடங்குகிறது என்று விரல் நகத்தால் தேடினார்.

"யார் செய்வது?"

"என் அம்மம்மா செய்வார். அப்பு மரம் ஏறிச் சாறு இறக்குவார். போன தடவை நான் உங்களிடம் உண்மை சொல்லவில்லை."

"எவ்வளவு உயரம்?"

வாசலுக்கு நேரே நின்ற ஊசியிலை மரத்தைக் காட்டினேன். "அவ்வளவு இருக்கும். ஆனால் பிடிக்க ஒரு கிளைகூட இருக்காது."

"ஒரு நாளைக்கு ஒரு மரமா?"

"இருபது மரம். காலையிலும் ஏற வேண்டும், மாலையிலும் ஏற வேண்டும்."

அவர் குட்டானைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய், அந்த மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.