முறைத் தண்ணி

மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்கால் கரையில் இருக்கிறது எங்கள் வீடு. கல்யாணமாகி 2016-ல் இங்கே வந்தேன். பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணி. தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அதனால் இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் "சொந்த மண்ணுக்கே வந்து சேந்துட்டியேம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அன்புக்குக் குறையில்லை. ஆனாலும் எனக்கு இது புது நாடு. விசா, பதிவு, அடையாள அட்டை என்று அலைந்த கதை இடம் மாறிய எல்லாருக்கும் ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன். எழுதுகிற பழக்கத்தோடு புது ஊரில் வந்து இறங்கிய ஒருத்தி அந்தப் பழக்கத்தை எப்படிக் காப்பாற்றிக்கொண்டாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். வாக்கப்பட்டோ வேலை நிமித்தமோ ஊர் மாறி, "இனிமே எழுத வராது போலிருக்கு" என்று தவிக்கிற தோழிகள் சிலரை எனக்குத் தெரியும்.

முதல் ஒன்றரை வருஷம் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அங்கே எனக்கென்று ஓர் அறையும் மேசையும் இருந்தன, ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்ட ஆளில்லை. இங்கே எல்லாமே கூடத்தில்தான். வாசல் தெளிப்பதில் ஆரம்பித்தால் நடவு நாட்களில் ஆட்களுக்கு டீ, மத்தியானச் சாப்பாடு, குழந்தை, சாயந்திரம் வருகிற உறவுக்காரர்கள். எப்போதாவது அரை மணி நேரம் கையில் கிடைக்கும். எதை எழுதுவது என்று யோசிப்பதிலேயே அது தீர்ந்துபோகும். எழுந்து போய்ச் சோறு வடிப்பேன், கண் கலங்கும்.

வழி காட்டியது மாமனார். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைச்சல், வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் வயலுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முறை. மாமா பத்து மணிக்கே டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிட்டார். "ரெண்டு மணிக்குத்தானே மாமா, செத்த நேரம் தூங்கிட்டுப் போகலாமே" என்றேன்.

"தண்ணி வந்தப்புறம் வரப்பு கட்ட முடியுமாம்மா? நண்டு வளை எங்க இருக்குன்னு இப்பவே பாத்து அடைக்கணும். நமக்கு விடுறது ரெண்டு மணி நேரம். அதுல வளையத் தேடிக்கிட்டு நின்னா, தண்ணி அடுத்த வயலுக்குல்ல போயிடும்."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். வரப்பில் ஏழெட்டு இடத்தில் ஈரக் களிமண்ணை அப்பி, குதிகாலால் மிதித்த தடம் அப்படியே பதிந்திருந்தது. வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். நாளைக்கு எழுதப்போவதை இன்றைக்கே முடிவு பண்ணிவிடுவேன். யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், முதல் வார்த்தை என்ன, இவ்வளவுதான். தேதி கிழிக்கிற காலண்டரின் பழைய தாள்களைச் சமையல்கட்டில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். குழம்பு கொதிக்கும்போது தோன்றுவது அதன் முதுகில் போகும். மத்தியானம் இரண்டரைக்கு வீடு அடங்கியதும் அந்தத் தாளோடு உட்கார்ந்தால் யோசிக்க வேண்டியதில்லை, எழுத மட்டும்தான் வேண்டும். மூன்று மணிக்கு நிறுத்தும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவேன். மறுநாள் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வரும். வரட்டும், போதும்.

இதைக் கொஞ்சம் என்று நினைக்கிறவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்வேன். உ.வே.சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். சீவக சிந்தாமணி ஏட்டை எடுத்ததும் அந்த ஆண்டுதான். அது அச்சாகி வந்தது 1887-ல். நடுவில் கல்லூரி வேலையை அவர் விட்டுவிடவில்லை.

நேரத்தைவிட எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது பாஷை. இரண்டு பக்கமும் தமிழ்தான். ஆனால் எங்கள் ஊரில் 'காடி' என்றால் கார். இங்கே எழுதிய முதல் கதையில் "அப்பா காடியைக் கழுவிக்கொண்டிருந்தார்" என்று ஒரு வரி. நாத்தனார் படித்துவிட்டு, "புளிச்ச கஞ்சியை எதுக்கு அண்ணி கழுவுறாரு?" என்று கேட்டாள். பயந்துபோய் 'பசியாறல்', 'பால்மரம்', 'கிராணி' என்று பாட்டியின் வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து, இந்த ஊர் வார்த்தைகளைப் போட்டேன். கதை செத்துவிட்டது. அதில் வருகிற பாட்டி என் பாட்டியாகவே இல்லை. திரும்பவும் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். 'காடி' வரும் இடத்தில் கதவைச் சாத்தும் சத்தத்தையும் ஒரு ஹாரனையும் சேர்த்தேன். நாத்தனார் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. வாசகருக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம், அந்தப் பொருளைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும்.

அதேபோல இந்த ஊர் வார்த்தைகளுக்கு அவசரப்படவும் கூடாது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று நில அளவை நோட்டில் எழுதி வைத்தேன். குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவங்களின் வரிசையும் சொல்வேன். அதற்காக மறுநாளே தாளடி நடவைப் பற்றிக் கதை எழுத உட்காரக் கூடாது. ஒரு சொல்லை மூன்று பேர் வாயிலாவது கேட்டு, அதை அவர்கள் எந்த முகத்தோடு சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் என் கதைக்குள் விடுகிறேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடியும்போது கொல்லையில் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. ஓடு பறந்து, மழை இறங்கி, பெட்டிமேல் இருந்த லேப்டாப் ஊறிக் கிடந்தது. அதற்குள் முடிக்காத ஐந்து கதைகள். ஊரே மரத்தை இழந்து நிற்கும்போது கதைக்கு அழுவது எப்படி என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, அதுவும் இழப்புதானே. பல நாள் கரண்ட் இல்லை. அரிக்கேன் வெளிச்சத்தில், நினைவிலிருந்த ஒரே ஒரு கதையை நோட்டில் எழுதினேன். அப்போதிருந்து முதல் படி கையெழுத்துதான். அன்றன்றைக்கு எழுதிய பக்கத்தை போனில் படம் பிடித்து எனக்கே மெயில் அனுப்பிவிடுவேன். நீங்களும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. புனைபெயரில் எழுதினால், பத்திரிகைக்கு அனுப்பும்போதே வங்கிக் கணக்கில் உள்ள பெயரையும் எழுதிவிடுங்கள். என் முதல் சன்மானக் காசோலை புனைபெயரில் வந்து, மாற்ற முடியாமல் டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கிறது.

வீட்டாரிடம் மறைக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரொம்ப நாள் நான் கணக்கு எழுதுவதுபோலத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாட்டி கதையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கப்பலேறிப் போனவளின் கதை. அத்தை கேட்டு முடித்து, "எங்க சின்னாத்தாளும் இப்படித்தான் போச்சு. காயிதமே வரல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன வாரம் இரண்டே முக்கால் மணி இருக்கும். மோர் கேட்டு யாரோ வந்த குரல் வாசலில் கேட்டது, எழுந்திருக்கப் போனேன். அதற்குள் திண்ணையிலிருந்து அத்தை சொல்வது காதில் விழுந்தது: "மருமவ உள்ள எழுதிக்கிட்டு இருக்கு. மூணு மணிக்கு மேல வா."